வெளியூர்க்காரனுக்குப் பாதி விலை

ரோட்டொருவா
12 மே 1997

அன்புள்ள யூனா அக்காவுக்கு,

நான் நலம். இருமல் ஒருவழியாகப் போய்விட்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்களா, இன்னும் வரிசையில்தான் நிற்கிறாயா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ட்ரவுட் மீன் சீசன் முடிந்த கையோடு புது லைசென்ஸ் விலைப்பட்டியலை அனுப்பிவிட்டார்கள். கேலின் வாசித்தாள். நான் டீ குடித்துக்கொண்டே கேட்டேன், டீ பாதியில் நின்றுவிட்டது. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு லைசென்ஸ் பாதி விலை. ஆனால் சொந்த வட்டாரத்தில் மட்டும். வேறு வட்டாரத்தில் தூண்டில் போட்டால் முழு விலை. அதாவது, இந்தக் கந்தக நாற்றம் பிடித்த ஊரில் நான் சொந்தக்காரன். நாம் பிறந்து வளர்ந்த மட்டாவுரா ஆற்றில் நான் வெளியூர்க்காரன்!

ஆறு வயதில் அப்பா என்னைப் பாலத்து மடுவில் இறக்கிவிட்டார். அந்தத் தண்ணீர் என் பூட்ஸுக்குள் எத்தனை தடவை புகுந்திருக்கும்? என் மார்கரெட் போன பிறகு மகள் கேலின் வீட்டோடு வந்து இருக்கிறேன், முகவரி மாறிவிட்டது. நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

ஆகவே இந்த அக்டோபர் ஒன்றாம் தேதி சீசன் திறப்புக்கு நான் வரப்போவதில்லை. பணம் பெரிதில்லை, அது உனக்கும் தெரியும். கொள்கை என்று ஒன்று இருக்கிறது. வெளி வட்டாரத்து முதியவர்களுக்கும் பாதி விலை என்று எப்போது வருகிறதோ அப்போது வருகிறேன். அங்கே விலை வைக்கிற மன்றத்தின் தலைவி நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு நினைவிருக்கிறது.

முழங்காலைக் குளிரில் வைக்காதே.

உன் தம்பி
ரோரி


கோர்
24 மே 1997

தம்பி ரோரிக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வரிசையும் அப்படியேதான் இருக்கிறது. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நிதி திரட்டுகிறோம் என்று சர்ச் கூடத்தில் காலையிலிருந்து சீஸ் ரோல் சுருட்டிவிட்டு வந்தேன். உன் கடிதம் கதவிடுக்கில் இருந்தது. கையில் வெண்ணெயோடு படித்தேன், அதனால் இப்போது அதிலும் வெண்ணெய் இருக்கிறது.

கொள்கையாம் கொள்கை. நாற்பது வருஷம் ஆட்டுச் சந்தையில் ஏலம் விட்டவன் நீ. எந்தக் கிழட்டு ஆட்டுக்கும் ஒரு கொள்கை கண்டுபிடித்து விலை ஏற்றுவாய். என்னிடம் அது செல்லாது.

நீ கேட்பது நியாயமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆற்றோரத்து வில்லோ மரங்களை வெட்டி ஒதுக்குவது யார்? மீன் முட்டை போடும் ஓடைகளைக் குளிரில் நடந்து பார்ப்பது யார்? பால்பண்ணைக்காரர்கள் கழிவைத் திறந்துவிட்டால் அவர்கள் சமையலறையில் போய் உட்கார்ந்து சண்டை போடுவது யார்? இங்கே இருப்பவர்கள். அதற்கெல்லாம் லைசென்ஸ் பணம்தான் ஆதாரம். வடக்கேயிருந்து வேனில் வந்து இறங்குகிற பெரியவர்கள், தாங்கள் ஆற்றில் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கார்க் கண்ணாடியில் வைக்கக்கூட மாட்டார்கள். பின்னால் வருகிறவன் அவர்கள் முதுகிலேயே போய் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். அவர்களுக்கு நான் பாதி விலை தர வேண்டுமா? போன வருஷம் இதே தீர்மானம் வந்தபோது குப்பைக்கூடையில் போட்டதே நான்தான்.

சரி, அது மன்றத்து விவகாரம். இது உனக்கும் எனக்கும். சின்ன வயதிலிருந்து சீசன் திறக்கிற அன்று நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் நிற்கிறோம். ஒருவர் கரைமேட்டில் நின்று தண்ணீருக்குள் மீன் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்வது, மற்றவர் தண்ணீரில் இறங்கி வீசுவது, ஒரு மீனுக்கு ஒருதரம் ஆள் மாறுவது. நீ வராவிட்டால் நான் யாரைக் கரையில் நிறுத்துவது? ட்ரெவர் ஹோகனையா? அவன் வாயைத் திறந்தாலே மீன் அடுத்த வட்டாரத்துக்குப் போய்விடும்.

மிச்சப் பணத்தை நான் தருகிறேன். வந்து சேர்.

கேலினுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு.

அக்கா
யூனா


ரோட்டொருவா
9 ஜூன் 1997

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம். உன் வெண்ணெயும் பத்திரமாக வந்து சேர்ந்தது.

உன் பணம் எனக்கு வேண்டாம். பாதியை நீ கட்டினால் நான் உன் விருந்தாளி. நான் பிறந்த ஊரில் நான் விருந்தாளியா? நீ சொல்கிற வேலையெல்லாம் நானும் செய்தேன். நாங்கள் வெட்டிய வில்லோ மரங்களில் பாதி எங்கள் காலில்தான் விழுந்தது. அந்தக் கணக்கெல்லாம் முகவரி மாறினால் அழிந்துவிடுமா? வேனில் வருகிற கிழவர்களை விடு, அவர்களில் எத்தனை பேர் என்னைப் போல ஒரு காலத்தில் அங்கேயே கிடந்தவர்கள் என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா? பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குக் கிழவர்கள் போகத்தானே வேண்டியிருக்கிறது.

இங்கே மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை ஏரிக்கு அழைத்துப் போகிறான். படகில் உட்கார வேண்டும். படகு போகும். பின்னால் தூண்டில் தானாக இழுபட்டுக்கொண்டு வரும். மீன் மாட்டினால் மணி அடிக்கும். "மாமா, மணி அடிச்சா இழுங்க" என்கிறான். தங்கமான பையன். தபால் ஆபீஸில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

தள்ளுபடி வராமல் நான் வரமாட்டேன். இதுவே முடிவு.

முழங்காலுக்கு ஆட்டுக்கொழுப்புத் தைலம் போடுகிறாயா?

ரோரி


கோர்
6 ஜூலை 1997

தம்பிக்கு,

நலம். இங்கே உறைபனி. காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை, கெட்டிலில் ராத்திரித் தண்ணீர் இருந்ததால் பிழைத்தேன். தைலம் போடுகிறேன். நாய்தான் அதை விரும்பி நக்குகிறது.

உனக்குக் காகித ஆலை ஏதாவது சொந்தமாகிவிட்டதா? ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வரி, அதுவும் பெட்டி மேல் எழுதுகிற தடிப் பேனாவில். உன் கடிதத்தைச் சுவரில் ஒட்டினால் தெருவிலிருந்தே படிக்கலாம்.

சந்தோஷப்படு. என் மனம் ஒப்பாமல், உனக்காக, தீர்மானத்தை நானே மன்றக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். நடந்ததைக் கேள்.

நான் வாசித்து முடித்ததும் ட்ரெவர் கண்ணாடியைக் கழற்றினான். "ஏம்மா யூனா, போன வருஷம் இதே தீர்மானத்த குப்பைல போட்டது நீதானே?"

"ஆமா. இப்போ குப்பைலேர்ந்து எடுத்துட்டு வந்திருக்கேன். உனக்கென்ன?"

"தம்பிக்காகவா?" என்றாள் நோலீன், சும்மா இருக்க மாட்டாமல்.

"தம்பிக்காக இல்ல. பொதுவா வயசானவங்களுக்காக."

"உன் தம்பி வயசானவன்தானே?"

அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. பிறகு கொஞ்சம் ஒழுங்காகவே பேசினார்கள். வேலையை இளசுகள் செய்வார்கள், தள்ளுபடியைக் கிழடுகள் வாங்குவார்களா என்று ட்ரெவர் கேட்டான். நீ எழுதியதையே அவனுக்குச் சொன்னேன்: பிள்ளை இருக்கும் இடத்துக்குப் போனவர்களை நாம் வெளியூர்க்காரர்கள் என்று துரத்தலாமா என்று. அதில் அவன் கொஞ்சம் அசைந்தான். அவன் மச்சினன் இப்போது வடக்கே நேப்பியரில் இருக்கிறானாம், அது எனக்குத் தெரியாது. ஆகஸ்ட் கூட்டத்தில் ஓட்டு. தலை எண்ணிப் பார்த்தேன், ஜெயிக்கும் போல இருக்கிறது.

அக்டோபருக்கு விமான டிக்கெட் எடுக்கிறாயா, வழக்கம் போலக் கப்பலில் காரை ஏற்றிக்கொண்டு வருகிறாயா? எழுது. அறையைச் சூடுபண்ணி வைக்க வேண்டும். ஒரு வருஷமும் நான் தனியாக அந்த மடுவில் நின்றதில்லை. நிற்கவும் எனக்கு விருப்பமில்லை.

யூனா


ரோட்டொருவா
11 ஜூலை 1997

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. உடனே உட்கார்ந்து எழுதுகிறேன். இன்றைய தபாலிலேயே போக வேண்டும். எல்லோரும் நலம்.

உன் முந்தைய கடிதத்தை எடுத்து, கேலினை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நீ அப்போது சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். வேலை செய்கிறவர்கள் அங்கே இருக்கிறவர்கள். வேனில் வருகிறவர்களுக்குப் பாதி விலை கொடுத்தால் ஆறு தாங்காது. பால்பண்ணைக்காரர்களோடு நீ சண்டை போடப் பெட்ரோலுக்காவது பணம் வேண்டாமா? முழு விலை கொடுக்க மனமில்லாதவன் சொந்த ஊரிலேயே மீன் பிடிக்கட்டும். வருகிற கிழவர்கள் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று சீட்டு வைப்பதில்லை, இது ரொம்பச் சரி.

ஆகவே தீர்மானத்தைத் திரும்ப வாங்கிக்கொள். திரும்ப வாங்க முடியாவிட்டால் எதிர்த்து ஓட்டுப் போடு. எனக்காகக் கொள்கையை விட்டுக்கொடுத்தாய் என்று நோலீன் ஊரெல்லாம் சொல்வாள், அது உனக்குத் தேவையா?

இந்த வருஷம் ஒரு வருஷம் போகட்டும் அக்கா. ட்ரெவர் அவ்வளவு மோசமான ஆள் இல்லை. வாயை மூடிக்கொண்டு நிற்கச் சொல்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

ரோரி


கோர்
18 ஆகஸ்ட் 1997

தம்பிக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்குத்தான் என்னவோ ஆகியிருக்கிறது.

உன் கடிதத்தை ஒரு மாதமாக மேஜை மேல் வைத்திருந்தேன். பிறந்ததிலிருந்து நீ ஒரு வாதத்தில் எனக்கு விட்டுக்கொடுத்ததில்லை. அம்மாவின் சாவு வீட்டுச் சாப்பாட்டுக்குச் சீஸ் ரோல் போதுமா சாண்ட்விச் வேண்டுமா என்பதற்கே சவப்பெட்டி பக்கத்தில் நின்று சண்டை போட்டவன். அந்த ரோரி "நீ சொன்னது ரொம்பச் சரி" என்று எழுதுகிறானா? ஜெயிக்கப் போகிறோம் என்று தெரிந்ததும் கட்சி மாறுகிறானா? எனக்குப் பயமாக இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன்.

நேற்று ஓட்டு நடந்தது. ஆறுக்கு ஆறு. சமமாக வந்தால் தலைவி ஓட்டு. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"யோசிக்க டைம் வேணுமா?" என்றாள் நோலீன்.

"வேண்டாம். ஆதரவு."

"போன வருஷம் பேசுனதெல்லாம்?" என்றான் ட்ரெவர்.

"போன வருஷம் பேசுனது போன வருஷத்தோட போச்சு."

அக்டோபர் முதல், அறுபத்தைந்து தாண்டிய எந்த வட்டாரத்துக்காரருக்கும் இங்கே பாதி விலை. இந்தத் தீர்மானம் சரியா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. சரிதான் போலிருக்கிறது. நீ ஆரம்பத்தில் எழுதியது எனக்குள் எங்கோ போய் உட்கார்ந்துவிட்டது. நீதான் அதிலிருந்து எழுந்து போய்விட்டாய்.

ஆக, விலை காரணமில்லை. கொள்கை காரணமில்லை. இனி என்ன காரணம் என்று எழுது.

யூனா


கோர்
11 செப்டம்பர் 1997

ரோரி,

நான் நலம். நீ நலமா என்று எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பதில் இல்லை. இரண்டு தடவை போன் செய்தேன். முதல் தடவை தோட்டத்தில் இருக்கிறாய் என்றார்கள். இரண்டாம் தடவை தூங்குகிறாயாம். பகல் பதினொரு மணிக்கு. கேலினிடம் அப்பாவுக்கு என்ன என்று நேராகவே கேட்டேன். "அப்பாகிட்டயே கேளுங்க அத்தை" என்றாள். குரல் சரியில்லை.

கேட்டுவிட்டேன். சொல்.

யூனா


ரோட்டொருவா
16 செப்டம்பர் 1997

அக்கா,

உடம்பு நன்றாக இருக்கிறது. கண் இல்லை.

முழுக்கப் போகவில்லை. நடுவில் மட்டும் போய்விட்டது. எதை நேராகப் பார்க்கிறேனோ அந்த இடத்தில் புகை மாதிரி ஒன்று நிற்கிறது, ஓரத்தில் இருப்பதெல்லாம் தெரிகிறது. உன்னைப் பார்த்தால் தொப்பி தெரியும், முகம் தெரியாது. மருந்து கிடையாது, இன்னும் கொஞ்சம் மங்கும், அப்புறம் அப்படியே நின்றுவிடும் என்கிறார் டாக்டர். கார்ச் சாவியைக் கேலின் மார்ச்சிலேயே வாங்கிக்கொண்டாள். தடிப் பேனா அதற்குத்தான். உன் கடிதங்களை அவள்தான் வாசிக்கிறாள். திட்டு வருகிற இடங்களில் கொஞ்சம் மெதுவாக வாசிப்பாள், பாவம்.

போன ஜனவரியில் நான் வந்திருந்தபோதே ஆரம்பித்துவிட்டது. அன்று கரைமேட்டில் நின்று, வில்லோவுக்குப் பக்கத்தில் பெரிய மீன் ஒன்று நிற்கிறது என்றேன். நீ வீசினாய், வீசினாய், வீசிக்கொண்டே இருந்தாய். கடைசியில் நடந்து போய்ப் பார்த்தால் கல். சாயங்காலம் மீன்பிடி கிளப்பில் அதை நடித்துக் காட்டினாய், கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் காரில் ஏதோ சத்தம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்தேன். காரில் சத்தம் எதுவும் இல்லை.

கரையில் நின்று மீனைக் காட்ட முடியாதவன் உனக்கு எதற்கு? என் முறை வரும்போது நான் என்ன செய்வேன்? தள்ளுபடி இல்லை, அதனால் வரவில்லை என்று சொல்லிக்கொண்டால் கோபக்காரன் என்ற பெயரோடு போகும். அது எனக்குப் பழகிய பெயர். நீ போய் அதை ஜெயித்துத் தொலைப்பாய் என்று நான் நினைக்கவில்லை. கிளப்பில் யாருக்கும் சொல்லாதே.

ரோரி


கோர்
20 செப்டம்பர் 1997

ரோரிக்கு,

படித்தேன். முதலில் அழுதேன். அப்புறம் கோபம் வந்தது, அதுதான் இன்னும் இருக்கிறது. நாலு மாதம் என்னை ஒரு மன்றத்தோடு மோதவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறாய். ஒரு வரி எழுதியிருந்தால் நான் ட்ரெவரிடம் அவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

கிளப்பில் நடித்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீ கல்லை மீன் என்று சொன்னால் நான் சிரிக்கத்தான் செய்வேன், நாளைக்குச் சொன்னாலும் சிரிப்பேன். ஆனால் கண் தெரியாமல்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. அது மனதை அறுக்கிறது.

முறை மாற வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? நான் பார்த்துச் சொல்கிறேன், நீ வீசு. உன் கை இன்னும் கைதானே? தூண்டில் பிடிக்கிறவனுக்குக் காது கேட்டால் போதும்.

இருபத்தொன்பதாம் தேதி இன்வர்கார்கில்லுக்கு விமானம், அங்கிருந்து நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். டிக்கெட்டுக்குக் கேலினிடம் பேசிவிட்டேன், பணம் அவள்தான் கட்டியிருக்கிறாள், என்னிடம் சண்டைக்கு வராதே. உன் லைசென்ஸையும் வாங்கி வைத்துவிட்டேன். பாதி விலை.

யூனா


ரோட்டொருவா
9 அக்டோபர் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் எனக்கு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தாள். நான் கேட்கவில்லை. உன் முழங்காலுக்கு அந்தக் குளிர்ந்த தண்ணீர் ஆகவில்லை என்று நினைக்கிறேன், கரையேறும்போது மூச்சு வாங்கினாய்.

உன் வீட்டில் இருந்த நாட்கள் நன்றாக இருந்தன. ஆட்டுக்கறி, சிப்பி, எல்லாமே. ட்ரெவர்கூட வந்து கைகுலுக்கினான், யார் என்று அவனே பெயர் சொன்னான். அதிலிருந்தே நீ கிளப்பில் சொல்லிவிட்டாய் என்று தெரிந்தது. பரவாயில்லை. ஒரு விதத்தில் நல்லது.

ஆனால் ஒன்றாம் தேதி காலையைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். விமானம் முழுக்க அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

பாலத்து மடுவில் என்னை இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தினாய். கரைமேட்டில் ஏறினாய். "பெரிய மீன் ஒண்ணு நிக்குது தம்பி" என்றாய். நான் வீசினேன். "கொஞ்சம் இடது பக்கம். ஆங், அருமை. இன்னும் ஒரு முழம் மேல. ரொம்ப நல்லா வீசினப்பா. பரவால்ல, இன்னொரு தரம்." இப்படியே ஒரு மணி நேரம். கடைசியில், "அது பயந்து போயிடுச்சு தம்பி, உன் தப்பில்ல" என்றாய்.

அக்கா, அங்கே மீனே இல்லை, இல்லையா?

உனக்கு மீன் தெரிந்தால் உன் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். "இடதுடா மடையா, இடது! அது வலது! அது நிக்குது உன் மூக்குக்கு முன்னால, எங்கடா வீசற?" அறுபது வருஷமாகக் கேட்டு வருகிறேன். அம்மாவே உன்னைச் சபித்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை இப்படி ஆற்றில் கத்துகிறாயே என்று. அன்றைக்கு நீ ஒரு தடவைகூட என்னைத் திட்டவில்லை. சிரிப்பேன் என்று எழுதியிருந்தாய், சிரிக்கவும் இல்லை. கண் போனவன் காது நன்றாகவே இருக்கிறது.

நான் கல்லைக் காட்டினேன், நிஜமாகவே மீன் என்று நினைத்துக் காட்டினேன். நீ ஒன்றும் இல்லாத தண்ணீரைக் காட்டினாய். எனக்கு அது பிடிக்கவில்லை. அங்கேயே சொல்ல மனம் வரவில்லை, நீ அவ்வளவு பாடுபட்டுக்கொண்டிருந்தாய்.

லைசென்ஸில் பாதி விலை கொடுத்தீர்கள், வாங்கிக்கொண்டேன். மீனிலும் தள்ளுபடி செய்தால் நான் வரமாட்டேன். இது கொள்கை இல்லை. இது நிஜம்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

ரோரி


கோர்
15 அக்டோபர் 1997

டேய் குருட்டுப் பயலே,

நான் நலம். நீ நலமாக இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன.

மீன் இல்லை. ஒரு குஞ்சுகூட இல்லை. பாலத்து மடுவுக்கு மேலே, வில்லோக்களைத் தாண்டி, மூன்று நின்றன. ஒன்று உன் கால் நீளம் இருக்கும். காலையிலேயே பார்த்துவிட்டேன். கல்லும் சேறும், இவன் விழுவான், இடுப்பை உடைத்துக்கொள்வான், கேலினுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று நானே முடிவுசெய்து, அடி சமமாக இருக்கிற பாலத்து மடுவில் உன்னைக் கொண்டுபோய் நிறுத்தினேன். உன்னைக் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் வெறும் தண்ணீருக்கு வழி சொல்லிக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான மணி நேரத்தை நான் பார்த்ததில்லை. நீ ஒரு வார்த்தை பேசாமல், சொன்ன இடத்திலெல்லாம் ஒழுங்காக வீசிக்கொண்டிருந்தாய். இடதென்றால் இடது. அதைப் பார்க்க முடியவில்லை எனக்கு.

நீ விமானம் ஏறின மறுநாள் அங்கே போனேன். மூன்றும் அப்படியே நின்றன. நான் தண்ணீரில் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன் லைசென்ஸ் ஏப்ரல் வரை செல்லும். நவம்பரில் வா. அந்தச் சேற்றில் உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறேன். விழுந்தால் விழு. மேலே நின்று கத்துகிறேன், கீழே இருக்கும் ஊருக்கே கேட்கட்டும். சரியாக வீசாவிட்டால் என் வாயிலிருந்து வருவதைக் கேலினிடம் சொல்லாதே, அந்தப் பெண் உன் கடிதங்களை வாசிக்கிற பெண், அவளாவது மரியாதையாக இருக்கட்டும். கேலின், இதை வாசிக்கும்போது இந்த இடத்தை மெதுவாக வாசிக்காதே. சத்தமாக வாசி.

இங்கே எனக்குத் திட்ட ஆள் இல்லை. சீக்கிரம் வாடா.

யூனா